விசிலுக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

வாலிபால் மேட்ச் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது நடுவர் நீளமான ஒரு அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வலையடிக்கு வருவார். நடுவில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார். பிறகு இரண்டு ஓரங்களிலும் பக்கக்கோட்டுக்கு நேர் மேலே வைத்துப் பார்ப்பார். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஓரங்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். விதித்த உயரத்தைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. கம்பத்தருகே நிற்கும் பையனிடம், "இன்னும் ஒரு இழுப்பு இழு தம்பி" என்பார்.

கூட்டம் அப்போது ஸ்பைக் அடித்துப் பழகுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வலையைப் பார்ப்பவர்கள் இரண்டு கோச்சுகள் மட்டும்தான். விவரமான நடுவர் அவர்கள் கண் முன்னால்தான் அளப்பார். "வந்து பார்த்துக்கங்க சார், சரியா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டும் விடுவார். தோற்ற பிறகு "வலை ரெண்டு விரல் இறங்கி இருந்துச்சு" என்று கிளம்பும் பேச்சுக்கு அதன்பின் இடமே இருக்காது.

மேட்சுக்கு முன்னால் நடுவரும் கோச்சும் பேசிக்கொள்வதை மரியாதைக்குக் கைகுலுக்கும் சடங்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பள்ளி அணி ஒன்றைப் பல வருஷம் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனவன். அப்புறம் அதே மைதானங்களில் நடுவராகவும் நின்றிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத்தின் நடுவே வெடித்து நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசிக்கு விதை அந்தக் கால் மணி நேரத்தில்தான் விழுந்திருந்தது. ஒரு கோச்சிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அல்லது சொல்லவே கூடாத ஒன்றைச் சொல்லியிருப்பார்கள்.

கோச்சுக்கு வாய் எப்போது உண்டு?

வாலிபாலில் இந்தப் பேச்சுக்கு மற்ற ஆட்டங்களைவிட எடை அதிகம். ஆட்டம் தொடங்கிய பிறகு நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை களத்தில் இருக்கும் கேப்டனுக்கு மட்டும்தான். கோச்சுக்குக் கிடையாது. அவர் டைம் அவுட் கேட்கலாம், ஆள் மாற்றக் கேட்கலாம், தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். "அது ஏன் சார் அவுட்?" என்று கேட்க முடியாது. கேப்டன் கேட்பார், முதல் நடுவர் பதில் சொல்வார். பதில் ஒப்பவில்லை என்றால், எதிர்ப்பை எழுத்தில் பதியப்போவதாக கேப்டன் அந்த இடத்திலேயே சொல்லி வைக்க வேண்டும். மேட்ச் முடிந்த பிறகு ஸ்கோர் ஷீட்டில் எழுதலாம். அப்போதே சொல்லாமல் விட்டால் பிறகு எழுத முடியாது.

பள்ளி அணிகளில் இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேப்டன் பத்தாம் வகுப்புப் பெண். மேடை மேல் நிற்கும் நடுவரை அண்ணாந்து பார்த்து, கூட்டத்துக்கு நடுவே கேள்வி கேட்க அவளுக்குத் தைரியம் வராது. பெஞ்சில் இருக்கும் கோச்சுக்கு எல்லாம் தெரியும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஆகவே கோச் கேட்க வேண்டியதையெல்லாம் விசிலுக்கு முன்பே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நடுவரும் சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

சர்வதேசப் போட்டிகளில் வலை அளப்பது, டாஸ், கையெழுத்து, வார்ம் அப், லைன் அப் சீட்டு வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் நிமிஷக் கணக்கு வகுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் அந்தக் கணக்கு அவ்வளவு இறுக்கமாக இருக்காது. முதல் மேட்ச் ஐந்து செட் போய்விட்டால் அடுத்த மேட்ச் அணிகள் அவசர அவசரமாக இறங்கும். அப்போதுதான் பேச்சு விட்டுப்போகும்.

டாஸில் கேப்டன்கள் இருவரும் வருவார்கள். ஜெயித்தவர் சர்வீஸ், ரிசீவ் இவற்றில் ஒன்றைக் கேட்கலாம், அல்லது பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வலையில் வார்ம் அப் செய்யும் விஷயமும் அங்கேயே முடிவாகும். ஏற்கெனவே வேறு கோர்ட்டில் பழகியிருந்தால் இரண்டு அணிகளும் சேர்ந்து 6 நிமிடம். தனித்தனியாக வேண்டும் என்று ஒரு கேப்டன் கேட்டாலே போதும், ஆளுக்கு 3 நிமிடம். பழக வேறு கோர்ட் கிடைக்காதவர்களுக்கு 10 நிமிடம், பிரித்தால் ஐந்தைந்து. இதை முன்பே கேப்டனிடம் சொல்லி அனுப்பாத கோச், எதிரணி பந்துகள் தன் பிள்ளைகள் கால்களுக்கு நடுவே உருண்டு வரும்போதுதான் வருத்தப்படுவார்.

இரண்டு கையெழுத்து

ஸ்கோர் ஷீட்டில் தன் வீரர்களின் பெயர்களும் எண்களும் சரியா என்று பார்த்து கோச் கையெழுத்துப் போட வேண்டும். கேப்டனும் போட வேண்டும். இருவரும் போட்டுவிட்டால் பட்டியல் பூட்டப்பட்டுவிடும். வழக்கமாக 12 பேர் வரை எழுதலாம். பஸ் தவறி லேட்டாக வரும் பையனின் பெயர் அதில் இல்லை என்றால் அன்றைக்கு அவன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். நல்ல நடுவர் பேனாவை நீட்டுவதற்கு முன், "வர வேண்டியவங்க எல்லார் பேரும் ஏறிடுச்சா மாஸ்டர்? லிபரோ யாரு?" என்று கேட்பார். லிபரோ என்பது வேறு நிறச் சட்டை போட்டு, பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பு ஆள். அவரை அப்போதே தனி வரியில் பதிந்தாக வேண்டும். வேறு நிறச் சட்டை கொண்டு வரவில்லை என்பதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் வெளியே வரும். ஆட்டம் தொடங்கியபின் வெளியே வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது லைன் அப் சீட்டு. உள்ளங்கை அளவுக் காகிதம், அதில் ஆறு கட்டங்கள், ரோமன் எண்ணில் ஒன்று முதல் ஆறு வரை. முன்வரிசை மூவர், பின்வரிசை மூவர். யார் எந்த இடத்தில் தொடங்குகிறார்கள் என்று சட்டை எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, இரண்டாம் நடுவரிடமோ ஸ்கோரரிடமோ கொடுக்க வேண்டும். ஒவ்வொரு செட்டுக்கும் புதுச் சீட்டு. எதிரணி கோச் பார்க்கக் கூடாது என்பதற்காக முழங்கால் மேல் வைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார்கள். யாருடைய முன்வரிசைக்கு எதிரே யார் வருகிறார்கள் என்பதில் பாதி செட் தீர்மானமாகிவிடும் என்பதால் அந்தச் சீட்டு ஒரு ரகசியம். கோச் நடுவரை நம்பி ஒப்படைக்கும் ரகசியம்.

ஒரு பொங்கல் சமயம். ராத்திரி டோர்னமென்ட், அரையிறுதி. விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கிறது, மைக் செட்டில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை வாசிக்கிறார்கள். நான் அவசரமாகச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டாம் நடுவர் மேஜைப் பக்கம் போனவர் திரும்பி என்னிடம் வந்தார். சீட்டை எதிரணிக்குத் தெரியாதபடி உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டி, "மாஸ்டர், மூணாவது கட்டத்துல இருக்கிறது ஒண்ணா, ஏழா?" என்றார்.

நான் எழுதியது ஒன்று. மேல்கோட்டை நீட்டி இழுத்ததில் அது ஏழு மாதிரி இருந்தது. என் பட்டியலில் ஏழாம் எண்ணும் இருந்தான், பெஞ்சில். ஸ்கோரர் ஏழு என்று எழுதியிருந்தால் களத்தில் நிற்கும் ஒன்றாம் எண் சீட்டில் இல்லாத ஆள் ஆகியிருப்பான். செட் தொடங்கும் முன் கண்டுபிடித்தால் அதற்குத் தண்டனை இல்லை, சீட்டில் உள்ளபடி ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் களத்தில் நிற்பவனே ஆடட்டும் என்று கோச் நினைத்தால் அதை ஒரு சப்ஸ்டிட்யூஷனாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு செட்டுக்கு மொத்தமே ஆறு. முதல் சர்வீஸ் விழும் முன்பே ஒன்று போயிருக்கும். அந்தச் செட் முழுக்க ஒன்றும் ஏழும் ஒருவருக்கொருவர்தான் மாறிக்கொள்ள முடியும் என்ற கட்டும் கூடவே வரும்.

நான் "ஒண்ணுதான் சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவர் எழுத்தைக் கேட்டாரே தவிர யோசனை சொல்லவில்லை. "இவனை ஏன் இங்க போட்டீங்க?" என்று ஒரு வார்த்தை வரவில்லை. எதிரணியின் சீட்டைப் பார்த்தவர் அவர். அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு அவர் முகத்தில் ஒரு சாயலும் இல்லை. நடுவரும் கோச்சும் எப்படிப் பேச வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த அரை நிமிஷத்தைத்தான் சொல்வேன்.

செட் நடுவே கண்டுபிடித்தால் கதை வேறு. சீட்டில் உள்ள வரிசைக்கும் நிற்கிற வரிசைக்கும் பொருந்தவில்லை என்று தெரிந்தால், தவறு நடந்த நேரத்திலிருந்து அந்த அணி எடுத்த புள்ளிகள் எல்லாம் போகும். எதிரணியின் புள்ளிகள் அப்படியே நிற்கும், அதோடு ஒரு புள்ளியும் சர்வீஸும் சேரும். இதற்காகத்தான் ஒவ்வொரு செட்டுக்கு முன்னும் இரண்டாம் நடுவர் கையில் சீட்டோடு கோர்ட்டுக்குள் பார்த்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்க்கிறார்.

வேப்பமரக் கிளை

இன்னொரு ஊர். பெண்கள் மேட்ச். மைதானத்தின் ஒரு மூலையில் பெரிய வேப்பமரம், அதன் கிளை ஒன்று பின்கோட்டுக்கு மேலே நீண்டிருந்தது. விதிப்படி பார்த்தால் தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்துக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. பந்து வெளிப்பொருள் எதிலாவது பட்டால் அவுட். ஆனால் திறந்தவெளிக் கோர்ட்டில் மரமும் மின்கம்பியும் இருக்கத்தான் செய்யும். அதனால் போட்டி நடத்துபவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்வார்கள்: கிளையில் பட்டால் ரீப்ளே என்று, அல்லது அவுட்தான் என்று. எதுவாக இருந்தாலும் ஆடுகிறவர்களுக்குப் பழகிவிடும். இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் தேவை.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. உள்ளூர் அணி கோச்சிடம் பந்தலில் டீ குடிக்கும்போதே நடுவர் பேசி முடித்திருக்கிறார். இரண்டாவது செட்டில் 22-22. எங்கள் பெண் கஷ்டப்பட்டு எடுத்த பந்து கிளையை உரசிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க் கோட்டுக்குள் விழுந்தது. அவர்கள் ஆடாமல் நின்றார்கள். நடுவர் அவர்களுக்குப் புள்ளி கொடுத்தார். எங்கள் கேப்டன் கேட்டபோது, "அது முன்னாடியே பேசினதும்மா" என்றார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதையோ சொல்ல மறந்துவிட்டேன் என்ற பார்வை அது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தீர்ப்பு சரிதான், விதிப்புத்தகப்படி அது அவுட்தான். ஆனால் முதல் செட்டில் இதே கிளையில் பட்ட ஒரு பந்தை ரீப்ளே கொடுத்திருந்தார்கள். எந்தக் கிளைக்கு எந்த விதி, எந்த உயரத்துக்கு எது என்று ஒரு பக்கத்துக்குத் தெரிந்திருந்தது, மறு பக்கத்துக்குத் தெரியவில்லை.

மைதானத்து மரம் உலகத்துக்குப் புதிய விஷயமல்ல. இங்கிலாந்தில் கேன்டர்பரி கிரிக்கெட் மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு எலுமிச்சை மரம் நின்றது. நம் எலுமிச்சை அல்ல, அங்கே 'லைம்' என்று சொல்லும் வேறு வகைப் பெரிய மரம். பந்து அதில் பட்டால் நான்கு ரன். 2005-ல் காற்றில் முறிந்து விழும்வரை கென்ட் அணியும் அங்கே வந்த அத்தனை அணிகளும் அந்த மரத்தோடுதான் ஆடினார்கள். களத்துக்குள் இருக்கும் தடை எல்லைக்கோடாகக் கணக்கிடப்படுமா என்பதை டாஸுக்கு முன்பே நடுவர்கள் தீர்மானிக்க வேண்டும் என்று கிரிக்கெட் விதி சொல்கிறது. ஆட்ட நேரம், இடைவேளை, எல்லை, தனி ஏற்பாடுகள் எல்லாவற்றையும் இரண்டு கேப்டன்களோடும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கோச்சுக்கு இடமில்லை, கேப்டன்தான் எல்லாம். பெயர்ப் பட்டியலை எழுத்தில் கொடுப்பவரும் அவரே.

மூக்குத்தி

ஒரு பெண் தன் மூக்குத்தியைக் கழற்றும் காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எல்லோரும் கோர்ட்டில் வரிசையாக நின்ற பிறகு, இரண்டாம் நடுவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இதைக் கழட்டிட்டு வாம்மா" என்பார். அது சுலபத்தில் கழலாது. கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தோழி ஒருத்தி திருகைத் திருகிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிடும், முதல் இரண்டு சர்வீஸும் வலையில் போகும்.

காயம் உண்டாக்கக்கூடிய எதையும் அணியக் கூடாது என்பது விதி, அதில் தவறே இல்லை. வளையல், மோதிரம், இடுப்பில் தாயத்து, கோயில் கயிற்றில் கோத்த டாலர் எல்லாம் இதில் வரும். கபடியில் இன்னும் நெருக்கமாகப் பார்ப்பார்கள்: நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் இருக்கக் கூடாது. ஆனால் இதை அணி வந்து இறங்கியதும் கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். "நகையெல்லாம் இப்பவே கழட்டச் சொல்லிடுங்க டீச்சர்." பெண்கள் அணியோடு வரும் ஆசிரியை மறைவாக அழைத்துப் போய்க் கழற்றி, பர்ஸில் வைத்துக்கொள்வார். அந்தப் பிள்ளைக்கு அவமானம் மிச்சம்.

அமெரிக்கப் பள்ளி பேஸ்பாலில் இதை ஒரு கேள்வியாகவே வைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு கோச்சுகளையும், பேட் பிடிப்பவர் நிற்கும் இடமான ஹோம் பிளேட் அருகே நிறுத்தி, அவர்கள் அணியினர் விதிப்படி சரியான உபகரணங்களோடு இருக்கிறார்களா என்று அம்பயர் கேட்பார். இருவரும் ஒருவர் முன் ஒருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அம்பயர் ஒவ்வொரு பையனின் ஹெல்மெட்டையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கோச் வாயால் ஒப்புக்கொண்டபின் பொறுப்பு அவருடையது.

ஹோம் பிளேட்டில் ஒரு கூட்டம்

இந்த விஷயத்தில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பேஸ்பால் நடைமுறைதான். ஆட்டம் தொடங்க 5 நிமிடம் இருக்கும்போது அம்பயர்கள் களத்துக்குள் வந்து ஹோம் பிளேட்டில் நிற்பார்கள். உள்ளூர் அணி மேனேஜர் (அங்கே தலைமைக் கோச்சுக்கு அதுதான் பெயர்) முதலில் தன் பேட்டிங் வரிசை அட்டையைக் கொடுப்பார், பிறகு விருந்தாளி அணி மேனேஜர். தலைமை அம்பயர் நகல்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு நகலை எதிரணியிடம் கொடுப்பார். அந்த மைதானத்துக்கே உரிய விதிகளை, சுவரில் எங்கே பட்டால் என்ன என்பதையெல்லாம், அங்கேயே பேசிக்கொள்வார்கள். யார் சொன்னாலும் மற்றவர் காதில் விழும். பந்தலில் டீ குடித்துக்கொண்டு பேச அங்கே வழியில்லை.

அந்த விதிக்கு ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. அட்டையில் வெளிப்படையான பிழை கண்ணில் பட்டால், உதாரணமாக எட்டுப் பேர் மட்டும் எழுதியிருந்தால், ஒரே குடும்பப்பெயரில் இருவர் இருந்தும் முதலெழுத்து போடாமல் விட்டிருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே அம்பயர் மேனேஜரிடம் சொல்லித் திருத்த வைக்க வேண்டும். தெரியாமல் செய்த, முன்பே சரிசெய்யக்கூடிய பிழையால் ஒரு அணி பிற்பாடு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் "ஒண்ணா, ஏழா" என்று கேட்டவர் பேஸ்பால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் செய்தது இதைத்தான்.

இத்தனை இருந்தும் தவறும். 2009 மே 17-ந் தேதி அமெரிக்காவின் டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணியின் மேனேஜர் ஜோ மேடன் கொடுத்த அட்டையில் மூன்றாம் பேஸில் ஃபீல்டிங் நிற்கும் இடத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தன, பந்து வீசுபவருக்குப் பதிலாக பேட் பிடிக்கும் தனி ஆளின் பெயர் இல்லை. ஹோம் பிளேட்டில் யார் கண்ணிலும் படவில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு கிளீவ்லேண்ட் அணி சுட்டிக்காட்டியது. விளைவு, அணியின் பெரிய பேட்ஸ்மேன் எவன் லோங்கோரியாவுக்கு அன்று ஆட்டம் இல்லை. பேட்டிங் வரிசையில் அவருடைய மூன்றாம் இடத்தில் பந்து வீசும் ஆண்டி சோனன்ஸ்டைன் பேட் பிடிக்க வேண்டியதாயிற்று. அவர் இரண்டாம் பேஸ் வரை ஓடும்படி ஒரு அடி அடித்து ரன் கொண்டுவந்தார், ரேஸ் 7-5 என்று ஜெயித்தது. அதிர்ஷ்டம் கைகொடுத்த நாள். தோற்றிருந்தால் அந்த அட்டையைப் பற்றி மேடன் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் நடுவர் கண்டுபிடிக்க முடியாத பிழைகளும் உண்டு. ஃபுட்பாலில் ஆட்டத்துக்கு முன் பெயர்ப் பட்டியல் ரெஃப்ரியிடம் வரும். பட்டியலில் இல்லாத மாற்று வீரர் இறங்க முடியாது, அதை அவர் பார்ப்பார். பட்டியலில் இருப்பவர் ஆடத் தகுதியானவரா என்பதற்கு அவர் பொறுப்பல்ல. 2015 டிசம்பர் 2-ல் ஸ்பெயினின் கோபா டெல் ரே போட்டியில் காடிஸ் அணிக்கு எதிராக ரியல் மாட்ரிட் டெனிஸ் செரிஷெவை இறக்கியது. முந்தைய சீசனில் வேறு அணிக்கு ஆடியபோது வாங்கிய மஞ்சள் அட்டைகளால் அவருக்கு ஒரு மேட்ச் தடை பாக்கி இருந்தது. அவர் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். விஷயம் தெரிந்து இரண்டாம் பாதி தொடங்கியதும் வெளியே எடுத்தார்கள், பலனில்லை. 3-1 என்று ஜெயித்த மாட்ரிட் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. ரெஃப்ரி பட்டியலை வாங்கிக்கொண்டார் என்பது அவர் உத்தரவாதம் கொடுத்தார் என்று ஆகாது. நம் ஊரில் "நடுவர்தான் சார் ஓகே சொன்னாரு" என்று வாதாடும் கோச்சுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த தேதிச் சான்றிதழ் தகராறுகள் எல்லாம் இந்த இடத்தில்தான் கிளம்புகின்றன.

சொல்லக் கூடாதவை

மேட்சுக்கு முன் கோச்சுகள் கேட்கும் சில கேள்விகள் உண்மையில் கேள்விகள் அல்ல. "எங்க செட்டர் கை கொஞ்சம் சத்தம் வரும் சார், ஆனா டபுள் கிடையாது." "அவங்க நாலாம் நம்பர் எப்பவும் நெட்டைத் தொடுவான், பார்த்துக்கங்க." செட்டர் என்பவர் ஸ்பைக் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், டபுள் என்பது ஒரே ஆள் மேல் பந்து அடுத்தடுத்து இரண்டு முறை படும் தவறு. இதைச் சொல்லும் கோச்சுகள் கெட்டவர்கள் இல்லை. தன் பிள்ளைக்காகப் பேசுகிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் இதற்கு நடுவர் "சரி சார், பார்த்துக்கிறேன்" என்று மரியாதைக்குச் சொன்னால்கூட அது ஒரு வாக்குறுதி ஆகிவிடும். நாலாம் நம்பரின் முதல் நெட் டச்சை அவர் பார்க்கத் தவறினால் பெஞ்சில் இருப்பவருக்கு அது துரோகமாகத் தெரியும். பிடித்துவிட்டால் எதிரணிக்கு அது சதியாகத் தெரியும். நான் மதிக்கிற மூத்த நடுவர் ஒருவர் இப்படிப்பட்ட பேச்சுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஊதுவேன் மாஸ்டர்." குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு சொல்வார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

செட்டர் கையைப் பற்றிப் பேச வேறு இடம் இருக்கிறது. சீசன் தொடங்கும் முன் நடக்கும் விதி விளக்கக் கூட்டம் அது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் 2024 முதல் அணியின் இரண்டாம் தொடுதலில், பந்து அதே பக்கத்தில் சக வீராங்கனைக்குப் போனால், டபுள் ஊதுவதில்லை என்று மாற்றினார்கள். அவ்வளவு பெரிய மாற்றத்தை ஒவ்வொரு மேட்சுக்கும் முன் வலையடியில் நின்று விளக்க முடியாது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு கோடையிலும் ரெஃப்ரிகள் கிளப் கிளப்பாகப் போய்ப் புது விதிகளை விளக்குகிறார்கள். 2024 யூரோ போட்டியில் கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரியிடம் பேசலாம் என்றும், கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் களத்தில் வேறு ஒருவரை அதற்குக் குறிக்க வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். அதையும் போட்டிக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள்.

ரக்பியில் இன்னும் ஒரு படி மேலே. ரெஃப்ரி உடைமாற்றும் அறைக்கே போய், இரண்டு அணியும் குனிந்து கோத்துக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம்மில் முட்டும் முன்வரிசை ஆட்களிடம் தான் எந்தத் தாளத்தில் குரல் கொடுப்பேன் என்று சொல்வார். கழுத்து உடையக்கூடிய விஷயம் அது, சொல்லத்தான் வேண்டும். இரண்டு அறைக்கும் போவார், இரண்டிலும் அதையேதான் சொல்வார். சர்வதேச ஆட்டங்களில் கோச்சுகள் தங்கள் கருத்துகளை நடுவர்களிடம் சேர்க்கத் தனி வழியும் உண்டு. அந்த வழியை விட்டு வெளியே வந்ததில்தான் 2021-ல் தென்னாப்பிரிக்காவின் ரக்பி இயக்குநர் ராசி எராஸ்மஸ் மாட்டினார். பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியிடம் முதல் டெஸ்ட் தோற்ற பிறகு, ரெஃப்ரியின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறைசொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோ ஒன்றில் பேசினார். அது உலகம் முழுக்கப் பரவியது. தன் கேப்டனுக்கு எதிரணி கேப்டனுக்குக் கிடைத்த மரியாதை கிடைக்கவில்லை என்பதும் அவருடைய புகார்களில் ஒன்று. அந்த நவம்பரில் இரண்டு மாதம் ரக்பி சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலிருந்தும், 2022 செப்டம்பர் இறுதிவரை மேட்ச் நாள் வேலைகளிலிருந்தும் அவருக்குத் தடை வந்தது. அவர் செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கேப்டன்களையும் ஒரே மாதிரி கேட்கவில்லை என்ற அந்தப் புகார் எனக்குப் புரிகிறது. வேப்பமரத்தடியில் நின்றவனுக்குப் புரியாமல் இருக்காது.

இப்போது நான் நடுவராக நிற்கும் மேட்சுகளில் வலை அளந்து முடித்ததும் இரண்டு கோச்சுகளையும் ஸ்கோர் மேஜைக்கு அழைக்கிறேன். ஒருவர் வந்து மற்றவர் வரவில்லை என்றால் வணக்கம் மட்டும் சொல்லிக் காத்திருக்கிறேன். இருவரும் வந்தபின் மரம், கம்பி, பக்கத்துக் கோர்ட்டிலிருந்து உருண்டு வரும் பந்து, நகை, இவற்றைச் சொல்கிறேன். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, ஒருவர் கேட்பதற்கு இருவரையும் பார்த்துப் பதில் சொல்கிறேன். மூன்று நிமிடம்கூட ஆகாது. இரண்டாம் நடுவராக இருக்கும் நாட்களில் லைன் அப் சீட்டை வாங்கியதும் ஆறு எண்களையும் அந்தக் கோச்சுக்கு மட்டும் கேட்கும் குரலில் ஒருமுறை வாசிக்கிறேன். போன மாதம் ஒரு இளம் கோச், முதல் தடவையாக அணி கூட்டி வந்தவர், நான் வாசிக்கும்போது "சார், சார், நாலும் அஞ்சும் மாறிப்போச்சு" என்று பேனாவைத் தேடினார். சீட்டு இன்னும் ஸ்கோரர் கைக்குப் போகவில்லை. என் பேனாவைக் கொடுத்து, அவர் திருத்திக் கையெழுத்துப் போடும்வரை எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.